நரி வீட்டுப் பால்கோவா

"அய்யோ... யாராவது வாங்களேன்..."

ஞாயிற்றுக்கிழமை, மதியம் இரண்டு பத்து.

இராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி தயாரிக்கும் அந்தச் சின்னக் கம்பெனிக்கு அன்று விடுமுறை. மெஷின் எதுவும் ஓடவில்லை. அலறல் கேட் வரைக்கும் சுத்தமாகக் கேட்டது.

வாட்ச்மேன் சமுத்திரம் கையிலிருந்த வேர்க்கடலையைப் போட்டுவிட்டு ஓடினார்.

பேக்கிங் அறை. கண்ணாடி பதித்த கதவு. கைப்பிடி கிடையாது. தரையோரம் இருந்த மிதியைக் காலால் அழுத்தினார். கதவு வழுக்கித் திறந்தது.

திறந்த வேகத்தில் ஓர் இளைஞன் அவர் மேல் வந்து விழுந்தான். சட்டையெல்லாம் ரத்தம்!

"பால்கோவாவுல விஷம்ணே... ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போங்க..."

சமுத்திரம் அவன் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார்.

வெள்ளை வெளேரென்று அடுக்கியிருந்த காஸ் துணிக் கட்டுகளுக்கு நடுவே ஒரு மனிதர் குப்புறக் கிடந்தார். ரத்தத்தை உறிஞ்சுவதற்கென்றே நெய்த துணி தன் வேலையை ஒழுங்காகச் செய்துகொண்டிருந்தது.

ஆசாமி செத்துப் போயிருந்தார்.

*

இன்ஸ்பெக்டர் பெலிக்ஸ் கால் மணி நேரத்தில் வந்தார். பின்னாலேயே ஏட்டு குருசாமி, நோட்டும் தொப்பையுமாக.

ஆம்புலன்ஸில் ஏற்றப்பட்ட இளைஞனைப் பார்த்ததும் ஏட்டின் வாய் பிளந்தது.

"சார்... இது நம்ம பாண்டிதுரை. தளவாய்புரத்துப் பய. 'நரி வீடு' ஜெயிச்சவன்."

"என்ன வீடு?"

"டி.வி. பாக்கவே மாட்டீங்களா சார்? பத்துப் பேரை ஒரே வீட்டுக்குள்ள அடைச்சிருவாங்க. அதுல ஒருத்தன் நரி. யாருன்னு உள்ள இருக்கவனுக்கும் தெரியாது, பாக்குற நமக்கும் தெரியாது. பொய்யாச் சொல்லி, ஒருத்தர் மேல ஒருத்தரை ஏவி விட்டு, கடைசி வரைக்கும் மாட்டாம இருந்தா நரிக்கு இருபத்தஞ்சு லட்சம். ராத்திரி ஒம்பது மணிக்கு என் வீட்டுல சோறு கேட்டா அடிதான் விழும்."

"பொய் சொல்றதைப் பாக்கவா அம்புட்டுக் கூட்டம்?"

"நம்ம வீட்டுல துரோகம் நடந்தா வயிறு எரியும் சார். அடுத்த வீட்டுத் துரோகத்தை முறுக்கு கடிச்சுக்கிட்டே பாக்கலாம்ல?"

ஸ்ட்ரெச்சரில் கிடந்த பாண்டிதுரை பெலிக்ஸின் கையைப் பிடித்தான்.

"சார், செத்தது விக்னேஷ்வரன் சார். சென்னை. நரி வீடு ஷோவையே அவருதான் நடத்துறாரு. பொன்மணிதான் கொன்னா. எங்களுக்குப் பால்கோவாவுல விஷம் வச்சா. அவரு தட்டிக் கேட்டாரு, இரும்புக் கம்பியால அடிச்சுட்டு வெளிய ஓடிட்டா. நான் கம்பியப் புடுங்குறதுக்குள்ள..."

"கம்பியில உன் கைரேகையும் இருக்கும்?"

"இருக்கும் சார். புடுங்கினேன்ல."

கேள்வி வருவதற்கு முன்பே பதில் தயாராக இருந்தது. பெலிக்ஸ் அதைக் கவனித்துக்கொண்டார்.

*

பொன்மணி ஓடவில்லை. கேட் பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். முப்பது வயது. பேக்கிங் சூப்பர்வைசர். கண்ணில் ஒரு பொட்டுத் தண்ணீர் இல்லை.

"பால்கோவா நீ குடுத்ததா?" என்றார் பெலிக்ஸ்.

"ஆமா சார். காலைல ஸ்ரீவில்லிபுத்தூர் போயி கால் கிலோ வாங்கிட்டு வந்தேன்."

"என்ன கலந்த?"

"நான் கலக்கல."

குருசாமியின் பேனா சட்டென்று நின்றது.

"என்னய்யா?"

"ஒண்ணுமில்ல சார். நாகஜோதியும் டி.வி.ல இதையேதான் சொல்லுச்சு. இதே மாதிரி."

"நாகஜோதி யாரு?"

"என் தங்கச்சி," என்றாள் பொன்மணி.

நாகஜோதிக்கு இருபத்து மூன்று வயது. இதே கம்பெனியில் காஸ் துணி மடித்துக்கொண்டிருந்தவள். நரி வீட்டுக்குள் போன பத்துப் பேரில் ஒருத்தி.

மூன்றாவது வாரம் லட்டு வைத்து ஓர் ஆட்டம். ஏதாவது ஒரு லட்டில் நரி ரகசியமாக 'விஷம்' வைக்கும். விளையாட்டு விஷம்தான். தின்றவர் ஆட்டத்தை விட்டு வெளியே போக வேண்டும். மாற்று மருந்து ஒரே ஒரு நீலப் பாட்டில். அதைக் குடித்தவர் பிழைப்பார். அன்றைக்கு லட்டு பரிமாறியவள் நாகஜோதி. விஷ லட்டு சிக்கியதும் எல்லோரும் அவளைப் பார்த்தார்கள்.

"நான் கலக்கல" என்று அழுதாள்.

தங்கச்சி, தங்கச்சி என்று அவள் பின்னாலேயே சுற்றிய பாண்டிதுரை காமிரா முன் வந்து நின்றான். நாகஜோதிதான் நரி, தன்னிடமே ஒப்புக்கொண்டாள் என்று பெற்ற தாய் மேல் சத்தியம் செய்தான். அடுத்த காட்சியில் நாகஜோதி தனியாக நின்று சிரித்தாள். நாடே நம்பியது. ஓட்டுப் போட்டு அவளை விரட்டியது.

ஊருக்குத் திரும்பினாள். ஷோ முடிகிற வரைக்கும் வாயைத் திறக்கக் கூடாது என்று அக்ரிமென்ட். டவுன் பஸ்ஸில் அவளைப் பார்த்து நரி மாதிரி ஊளையிட்டார்கள். நிச்சயம் செய்த மாப்பிள்ளை வீட்டார் தட்டைத் திருப்பி அனுப்பினார்கள். பதினோரு நாள் பொறுத்தாள். பன்னிரண்டாம் நாள் அய்யனார் கோவில் அருவிக்குக் கீழே பிணமாகக் கிடைத்தாள்.

அதற்கு இரண்டு நாள் கழித்து இறுதிச் சுற்று. உண்மையான நரி பாண்டிதுரை என்று அறிவித்தார்கள். ஊளையிட்ட அதே வாய்கள், என்ன மூளை பாரு என்று மெச்சின. பேருந்து நிலையத்தில் அவனுக்கு ஆளுயர மாலை போட்டார்கள். மானங்கெட்ட ஊர்!

"தினம் மூணு ஓட்டு போட்டேன்மா, உன் தங்கச்சிய வெளிய அனுப்ப," என்றார் குருசாமி, தரையைப் பார்த்தபடி.

"நீங்க யாரோ ஏட்டையா. நான் கூடப் பொறந்தவ. 'அவன்தான் நரின்னு நான் காமிராவுல சொன்னேன்க்கா, யாரும் காட்டல'ன்னு எங்கிட்ட சொன்னா. நானே நம்பல. போட்டோல மாலை விழுந்த பொறவுதான் நம்பினேன். அதான் எனக்கு ஆறவே மாட்டேங்குது."

"இன்னைக்கு அவிய ரெண்டு பேரும் எதுக்கு வந்தாக?" என்றார் பெலிக்ஸ்.

"நரி வீடு ரெண்டாவது தடவை ஆரம்பிக்கப் போறாகளாம். நான் பாண்டிதுரைய மன்னிக்கிற மாதிரி ஒரு சீன் வேணுமாம். அவ வேலை பாத்த ரூம்லயே எடுக்கணும்னாக. மூணு மணிக்கு ஷூட்டிங் ஆளுக வாரதா இருந்துச்சு. வாங்கன்னு சொன்னேன்."

"மன்னிக்கவா கூப்பிட்ட?"

"இல்ல சார். பழிவாங்க."

குருசாமிக்கு விக்கல் எடுத்தது.

"சார், ஒத்துக்கிட்டா. எழுதிக்கவா?"

"இரும். ஏம்மா, அவங்க செல்போன் ரெண்டும் வெளிய டப்பாவுல கெடக்கு, ஏன் வாங்கி வச்ச? போன் இருந்தா அவங்க ஆம்புலன்ஸுக்குப் பேசிருப்பாங்களே?"

"மோதிரம், வாட்ச், செல்போன் எல்லாத்தையும் வாசல் டப்பாவுல போட்டுட்டுத்தான் யாரா இருந்தாலும் உள்ள போகணும். புண்ணுல வைக்கிற துணி சார். முதலாளிக்கும் அதே சட்டம்தான்."

சமுத்திரம் இடையில் புகுந்தார்.

"சார், இந்தப் புள்ள ரெண்டு மணிக்கு முன்னாடியே எங்கூட வந்து ஒக்காந்துருச்சு. சத்தம் பொறவுதான் கேட்டுச்சு."

"ஒரே கம்பெனி ஆளு, அப்படித்தான் சொல்லுவ," என்றார் பெலிக்ஸ்.

"என்னையும் நம்ப வேண்டாம், அண்ணனையும் நம்ப வேண்டாம்," என்றாள் பொன்மணி. "உள்ள என் தங்கச்சி போட்டோ இருக்கு. அதுல கெடக்குற மாலை நான் போட்டதில்ல. காலைல பத்து மணிக்கு விக்னேஷ்வரன் மட்டும் தனியா வந்து போட்டாரு. அவரு சும்மா மாலை போடுற ஆளு இல்ல சார்."

பெலிக்ஸ் உள்ளே ஓடினார். மாலையைப் பிரித்தார். சம்பங்கிக்கு நடுவே சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு காமிரா!

பொன்மணி அழுவதைத் திருட்டுத்தனமாகப் பிடிக்க விக்னேஷ்வரன் வைத்தது. பாண்டிதுரையிடம் கூடச் சொல்லவில்லை. கூட்டாளியிடம் உண்மை பேசுகிற பழக்கம் அவருக்குக் கிடையாது.

*

ஸ்டேஷனில் கம்ப்யூட்டர் திரை ஒளிர்ந்தது.

ஒன்று நாற்பது. பாண்டிதுரை பால்கோவாவை விழுங்கிவிட்டு விரலை நக்குகிறான்.

"அவ அழல்லன்னா சார்?"

"கிளிசரின் வச்சிருக்கேன்," என்கிறார் விக்னேஷ்வரன்.

பாண்டிதுரை கண்ணாடிக்கு வெளியே நிற்கும் பொன்மணியைப் பார்த்துச் சிரிக்கிறான்.

"ஏக்கா, என்னத்தக் கலந்த? இம்புட்டுத் தித்திக்குது?"

பொன்மணி சிரிக்கவில்லை.

"நான் கலக்கல."

அறைக்குள் சிரிப்பு நின்றது.

"சார்... நாகஜோதி சொன்ன மாதிரியே சொல்லுதா சார்."

விக்னேஷ்வரன் கதவைத் தட்டினார். "ஏய், கதவைத் திற."

"பூட்டல. கீழ மிதி இருக்கு. காலால மிதிங்க, தெறந்துக்கும்."

சொல்லிவிட்டுப் பொன்மணி நடந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை.

பாண்டிதுரை காலைத் தூக்கினான். விக்னேஷ்வரன் அவன் காலரைப் பிடித்து இழுத்தார்.

"மிதிக்காதடா. வயர் போகுது பார், கரண்ட் வச்சிருப்பா. மிதின்னு அவளே சொல்றான்னா என்ன அர்த்தம்? எத்தனை எபிசோட் எழுதியிருக்கேன், எனக்குத் தெரியாதா?"

விடுமுறை நாள், ஏ.சி. கிடையாது. இரண்டு பேருக்கும் வியர்த்துக் கொட்டியது. கத்தினார்கள். பெருக்குகிற ஆள்கூட அன்று வரவில்லை; வாட்ச்மேனும் அந்நேரம் வேர்க்கடலை வாங்கத் தெருமுனைக்குப் போயிருந்தார். தொண்டை எரிகிறது என்றான் ஒருவன். எனக்கும் என்றார் இன்னொருவர். பயத்தை விடச் சீக்கிரம் ஒட்டிக்கொள்கிற வியாதி ஏது?

அப்போதுதான் போட்டோவுக்குப் பக்கத்தில் இருந்த அதை இரண்டு பேரும் ஒன்றாகப் பார்த்தார்கள்.

நீலப் பாட்டில்! ஷோ நினைவாக நாகஜோதிக்குக் கொடுத்தது. உள்ளே ஏதோ தளும்பியது.

பாண்டிதுரை முந்திக்கொண்டான்.

"என்கிட்ட குடுடா," என்றார் விக்னேஷ்வரன். "உன்னை ஜெயிக்க வச்சவன் நான். நீதான் நரின்னு அந்தப் பொண்ணு கண்டுபிடிச்சு, காமிரா முன்னால அழுது அழுது சொன்னா. அதை வெட்டித் தூக்கிட்டு, என்னைக்கோ சிரிச்சதை எடுத்து ஒட்டினேன். எல்லாம் உனக்காக."

பாண்டிதுரையின் கை தாழ்ந்தது.

"அப்போ அவ சொன்னது நெசம். இவ சொல்றதும் நெசமா இருந்தா?"

ஒரே ஒரு நொடி. விக்னேஷ்வரனின் முகத்தில் புத்தி திரும்பியது.

"ஆமாடா... நெசமாத்தான் இருக்கும். விஷமெல்லாம் இல்ல. பாட்டிலைக் கீழ வை."

"நான் வச்சா நீ குடிச்சிருவ."

"இல்லடா. சத்தியமா விஷம் இல்லடா."

வாழ்க்கையில் முதல் தடவையாக அந்த மனிதர் உண்மை பேசினார். பாண்டிதுரை துணிச் சுருள் மாட்டுகிற இரும்புக் கம்பியை எடுத்தான்.

குருசாமி கண்ணை மூடிக்கொண்டார்.

*

ஆஸ்பத்திரி. டாக்டர் ஷெரின் ஸ்டெதாஸ்கோப்பைக் கழற்றினாள்.

"விஷத்துக்கான அறிகுறி ஒண்ணுகூட இல்ல இன்ஸ்பெக்டர். கொஞ்சம் வாயுத் தொல்லை இருக்கு, அவ்வளவுதான்."

கட்டிலில் பாண்டிதுரை நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"நான் மாத்து மருந்து குடிச்சேன், அதான் பொழச்சேன்."

"அது ஆண்டாள் கோவில் துளசித் தீர்த்தம்லே," என்றார் குருசாமி. "வெள்ளிக்கிழமைதோறும் தங்கச்சி போட்டோ முன்னால ஊத்தி வைக்குதாம். கோவிலுக்குப் போகாமலே குடிச்சிருக்க."

பெலிக்ஸ் செல்போனை நீட்டினார். திரையில் பாண்டிதுரை கம்பியை ஓங்கினான். கட்டிலில் பாண்டிதுரை போனைத் தள்ளிவிட்டான்.

"சார்... அவ எங்கள ஏமாத்திட்டா சார்."

"என்ன சொல்லி ஏமாத்தினா?"

பாண்டிதுரை வாயைத் திறந்தான். யோசித்தான். மூடிக்கொண்டான்.

விலங்கு மாட்டும்போது மட்டும், "வெளையாட்டா ஆரம்பிச்சது சார்" என்றான்.

"என் தங்கச்சிகிட்டயும் இதையேதான் சொன்னானாம்," என்று வாசலிலிருந்து ஒரு குரல் வந்தது. வாக்குமூலத்தில் கையெழுத்துப் போட வந்த பொன்மணி!

பெலிக்ஸ் அவளை வராந்தாவுக்குக் கூட்டிப் போனார்.

"அவங்க அடிச்சுக்குவாங்கன்னு உனக்குத் தெரியும்."

"சாவு விழும்னு நினைக்கல சார். ஒருத்தனுக்கொருத்தன் நாறிக்குவானுகன்னு தெரியும். மாலையில காமிரா இருக்கும்னும் தெரியும்."

"உதவிக்கு ஏன் போகல?"

"என்ன உதவி சார்? ஒண்ணும் கலக்காத பால்கோவாவைத் தின்னுட்டு, பூட்டாத ரூம்ல ரெண்டு ஆம்பளைக இருந்தாக. உள்ளதை உள்ளபடிதான் சொன்னேன். ஒரு வார்த்தை பொய் இல்ல. என் தங்கச்சி நெசத்தைச் சொன்னா, ஊரு அவளைக் கொன்னுச்சு. அதே நெசத்தை நானும் சொன்னேன்."

எந்தச் சட்டப் பிரிவில் இவளைப் பிடிப்பது என்று பெலிக்ஸ் மனசுக்குள் புரட்டிப் பார்த்தார். உண்மை பேசியதற்கு என்று ஒரு பிரிவு அகப்படவில்லை.

"அந்த வீடியோவைக் கோர்ட்டுல போடுவீங்கள்ல சார்?"

"போடுவோம்."

"அவ நரி இல்லன்னு அந்தாளு வாயாலயே சொல்லிருக்காரு. ஊரு கேக்கட்டும்." பொன்மணி அப்போதுதான் அழுதாள். கிளிசரின் தேவைப்படவில்லை.

*

பத்து நாள் கழித்து மதுரையிலிருந்து லேப் ரிப்போர்ட் வந்தது. குருசாமி கவரைக் கிழித்து, மூக்குக் கண்ணாடியைத் தேடி எடுத்து, இரண்டு பக்கத்தையும் எழுத்துக் கூட்டிப் படித்து முடித்தார்.

"என்னய்யா இருந்துச்சாம் பால்கோவாவுல?"

"சீனிதான் சார். பாண்டிதுரை அந்த ஒண்ணை மட்டும் நெசமாச் சொல்லிருக்கான்... கொஞ்சம் தூக்கல்!"