இரண்டு என்றால் மூன்று

இரண்டை அச்சிடு என்று எழுதியிருந்தாள். திரையில் மூன்று வந்தது.

ஜெனிற்றாவுக்குச் சிரிப்புத்தான் வந்தது. போர்ட்ரான் என்ற பழைய கணினி மொழியில் எழுதிய நிரல்களைப் புதிய மொழிக்கு மாற்றித் தருவது அவளுடைய வேலை. பெரகல சந்திக்கு மேலே, மத்தியானத்திலேயே மூடுபனி ஜன்னலை அடைத்துக்கொள்ளும் வீட்டில் இருந்தபடியே செய்கிறாள். அந்தக் கிழட்டு மொழியில் ஒரு விசித்திரம் உண்டு. ஓர் எண்ணைத் துணை நிரலிடம் கொடுத்து, அது ஒன்றைக் கூட்டிவிட்டால், அந்த எண்ணே மாறிப்போகும். பிறகு நிரலில் இரண்டு என்று எங்கே இருந்தாலும் மூன்றுதான். உண்மைதானா என்று பார்க்க ஓர் எண் வேண்டியிருந்தது. தன் பிள்ளைகளின் எண்ணிக்கையான இரண்டைக் கொடுத்தாள். வேலியில் போன ஓணானை வேட்டிக்குள் விட்ட கதைதான்.

வெளியே ஓட்டோ வந்து நின்றது. அவள் கணவன் ஜெசிந்தன் பள்ளிக்கூடத்திலிருந்து பிள்ளைகளைக் கூட்டிவந்துவிட்டான். நனைந்த சீருடையின் வாடையும், ஈரச் சப்பாத்துகள் சிமெந்துத் தரையில் சளசளக்கும் சத்தமும் நடைவழியால் பின்னறைக்குள் போய் அடங்கின. கொஞ்சம் கழித்து ரொட்டி வாசம் வந்தது. அவள் எழுந்து குசினிக்குப் போனாள்.

ஜெசிந்தன் தட்டுகளில் சம்பல் வைத்துக்கொண்டிருந்தான். மூன்று தட்டுகள். அவனும் அவளும் அந்த நேரத்தில் சாப்பிடுவதில்லை.

"யாருக்குங்க மூணு தட்டு?"

"பிள்ளைங்க ரெண்டு பேருக்குந்தான்," என்றான். கேலி செய்கிற முகமில்லை அது.

கதவுக்குப் பின்னால் மழைக்கோட்டுகள் சொட்டிக்கொண்டிருந்தன. நீலம் மகன் ஜொனியுடையது. மஞ்சள் மகள் அஞ்சலினுடையது. நடுவில் சாம்பல் நிறத்தில் இன்னொன்று. அதன் கிழிசலில் இருந்தது அவளுடைய தையல்.

பயந்துபோனாள். பிள்ளைகள் பின்னறையில் அந்த மூன்றாவதோடு இருக்கிறார்கள். மெஷினை நிறுத்தினால் எண் பழையபடி ஆகிவிடும், அதுதான் வழக்கம். ஓடிப்போய் வயரைப் பிடுங்கினாள். திரை அணைந்தது.

வீடு அமைதியாயிற்று. தகரக் கூரையில் தூறல் மட்டும்.

"பிள்ளைங்களா, இங்க வாங்க."

நாற்காலியில் உட்கார்ந்தாள். காலடிகள். கரண்ட் போயிருந்ததா, அவளேதான் எதையாவது பிடுங்கினாளா, சற்று முன் நடந்ததே அவளுக்கு நினைவில்லை. அறை முழுக்கப் பனிவெளிச்சம். இடப்பக்கம் ஒரு தலை வந்து சாய்ந்தது. அஞ்சலினின் பின்னல்.

"ஒண்ணு," என்றாள்.

வலப்பக்கம் ஜொனி.

"ரெண்டு."

மடியில் ஒன்று ஏறியது. ஈரம். ஐஸாய்ச் சில்லிட்டது. அடுத்த எண்ணைத் தேடினாள். அது இல்லை. எவ்வளவு யோசித்தும் இல்லை. கை தன்பாட்டுக்குத் துவாயை எடுத்து அதன் தலையைத் துவட்டத் தொடங்கியது. முடி. நெற்றி. அதற்குக் கீழே நாடிவரைக்கும் மழமழவென்று தோல் மட்டும்.

"அம்மா," என்றது அந்தத் தோல்.

"ரெண்டு பேரும் வந்துட்டீங்களா," என்று ஜெனிற்றா கேட்டாள். அழுதுகொண்டே துவட்டினாள்.