பெரியப்பா கோட்டில் இரண்டு பேர்

குரோம்பேட்டையில் அன்றைக்குப் பெய்த மழையைச் சொன்னால் நம்பமாட்டீர்கள். ஜி.எஸ்.டி. ரோட்டில் ஒரு பஸ் திணறிக்கொண்டு வந்தது. பின்னால் நீந்தி வந்த எருமை அதை முந்திக்கொண்டு பல்லாவரம் பக்கம் போனது. அந்த வருஷம் எண்பத்தாறு.

தபீதாள் ஒதுங்க இடம் தேடி ஓடினாள். பூட்டியிருந்த ஒரு கடை வாசலில் கறுப்பாகத் தார்ப்பாய் தொங்கியது. சட்டென்று அதற்குள் புகுந்தாள். தாவணி நுனியைப் பிழிந்தாள். ஈரப் பின்னலை முன்னால் எடுத்துப் போட்டாள்... அப்புறம்தான் பார்த்தாள். தார்ப்பாய்க்கு மீசை இருந்தது.

"பயப்படாதீங்க," என்றது தார்ப்பாய். "இது கோட்டு."

கோட்டைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு நின்றவன் ஏசுபாதம். பல்லாவரத்தில் ஒரு கம்பெனியில் டிராயிங் போடுகிறவன். உயரம் உண்டு, குறுக்கே அளப்பதற்குத்தான் ஒன்றும் இல்லை. கோட் அவனுடைய பெரியப்பாவின் கல்யாணக் கோட். அவர் மின்சார ரயிலில் ஏறினால், வண்டி தாம்பரம்வரை ஒரு பக்கமாகச் சாய்ந்தே ஓடும். ரயில்வேக்காரர்கள் இதை ஒப்புக்கொண்டதில்லை. அது அவர்கள் சுபாவம்.

ஏசுபாதம் அவள் கண்களைப் பார்த்தான். இமை நுனியில் ஒரு துளி, விழலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டு நின்றது. அதோடு சேர்ந்து அவன் மூச்சும் நின்றது...

"இதுக்குள்ள எத்தனை பேரு குடியிருக்கீங்க?" என்றாள் அவள்.

"இப்போதைக்கு நான் மட்டும்தாங்க. ஆல்ட்டர் பண்ணக் கொண்டுபோறேன். தனசிங் டெய்லர் கடை எங்கே இருக்கு, தெரியுமா?"

"தெரியும். அவர் எங்கப்பா. ஆல்ட்ரேஷன் பார்க்கிறது நான்." கோட்டை மேலும் கீழும் பார்த்தாள். "ஆனா இது எங்ககிட்ட வர்ற கேஸ் இல்ல சார். ஷாமியானா போடுறவங்ககிட்ட கொடுத்துடுங்க. ஏன், கல்யாணமா? பாவம் அந்தப் பொண்ணு... தாலி கட்டுற நேரத்துல உங்களை உள்ளே தேடணுமே."

கல்யாணம் அவன் சிநேகிதன் துரைராஜுக்கு. ஏசுபாதம் வெறும் மாப்பிள்ளைத் தோழன். அதைச் சொல்லியிருக்கலாம். ஷாமியானா என்றது சுருக்கென்று தைத்துவிட்டது.

"ஆமா. எனக்குத்தான் கல்யாணம். அடுத்த மாசம், கீழ்க்கட்டளை சர்ச்ல."

இமையில் நின்ற துளி அப்போதுதான் விழுந்தது.

மறுநாள் கடையில் தனசிங் டேப்பைப் பிடித்து அளவெடுத்தார். தபீதாள் டேப்பை நம்பவில்லை. வாயில் குண்டூசிகளைக் கடித்துக்கொண்டு, தலையைச் சாய்த்து, ஒரே பார்வை... தோளிலிருந்து மணிக்கட்டுவரை அந்தப் பார்வை ஓடியபோது, யாரோ தன்னைப் பிரித்துத் திரும்பத் தைப்பதுபோல ஏசுபாதத்துக்கு இருந்தது. ஐந்து விரலும் ஐந்து திசையில் வேலை செய்தன. அவள் ஊசியில் நூல் கோத்ததை அவன் பார்த்ததே இல்லை. நூலே வந்து நுழைந்துகொண்டது.

சனிக்கிழமை ட்ரயல் பார்க்க வந்தான்.

"தோள் இறங்குது. அடுத்த வாரம் வாங்க."

அடுத்த வாரம் வந்தான்.

"கை சரியா வரல. அடுத்த வாரம் வாங்க."

அவன் முகம் விழவில்லை. மலர்ந்தது. 'நிஜத்தைச் சொன்னால் ஷாமியானா என்றதற்கே பொய் சொன்னவன் என்று சிரிப்பாள். சொல்லாவிட்டால் வேறொருத்தி புருஷனாகவே நினைத்துக்கொள்வாள்... கடவுளே, இந்தக் கோட் மட்டும் முடியாமல் இருக்கட்டும்.'

அவளும் அதையேதான் வேண்டிக்கொண்டிருந்தாள். அவன் போனதும் தைத்த கையைப் பிரித்தாள். அவன் வரும்போது பிரித்த கையைத் தைத்துக்கொண்டிருந்தாள்.

"ஒரு நாள் வேலை, ஏம்மா இழுத்தடிக்கிறே?" என்றார் தனசிங்.

"கை சரியா வரலப்பா."

"கோட்டுக் கையா, உன் கையா?"

அவள் மிஷினை வேகமாக மிதித்தாள். அதில் அப்போது நூல்கூட இல்லை.

கல்யாண நாள் விடிந்தது. கோட் கடையில் தொங்கியது. தபீதாள் அதைப் பார்த்தாள்... அடுத்தவள் மாப்பிள்ளையைக் கோட்டுக் கையைப் பிடித்து எத்தனை நாள் இழுத்து வைப்பது? கோட் இல்லாமல் அவன் கூச்சத்தோடு நிற்பது கண்ணில் வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு கையை வைத்துத் தைத்தாள். இந்த முறை பிரிக்கவில்லை. மழையோடு கீழ்க்கட்டளைக்கு பஸ் ஏறினாள்.

கோயிலுக்குள் போதகர் கேட்டுக்கொண்டிருந்தார்: "இந்த விவாகத்துக்கு யாருக்காவது தடை உண்டா?"

சரியாக அப்போது கதவு திறந்தது. தெப்பலாக நனைந்த ஒரு பெண், கையில் கோட்டோடு. துரைராஜுக்கு வேர்த்தது. பெண்வீட்டார் எழுந்து நின்றார்கள்.

"தடை ஒண்ணும் இல்லீங்க ஐயா," என்றாள் தபீதாள், குரல் உடைய. "மாப்பிள்ளைக்குக் கோட்டு."

துரைராஜ் தன் கோட்டைத் தடவிப் பார்த்தான். "எனக்கா? நான் போட்டுக்கினுதானே இருக்கேன்?"

அவன் பக்கத்தில் வெறும் வெள்ளைச் சட்டையில் தோழன் நின்றான். அவன் தரையைப் பார்த்தான். தபீதாள் வந்த வேகத்தில் வெளியே போனாள்.

வாசல் வேப்பமரத்தடியில் ஏசுபாதம் அவளைப் பிடித்தான்.

"பொய்யா சொன்னீங்க?"

"நீங்க ஷாமியானான்னீங்க. ரோஷம் வந்துடுச்சு."

"ரோஷம் ஒரு நாள் இருக்கும். அப்புறம்?"

"அப்புறம்... நிஜத்தைச் சொன்னா கோட்டை மடிச்சுக் கையில கொடுத்துடுவீங்களோன்னு பயம். கோட்டு முடிஞ்சா நான் எந்தச் சாக்குல வர்றது? எனக்கு உங்களைப் பிடிச்சிருக்குங்க. அந்தக் கோட்டுக்குள்ள நீங்க வந்தப்பவே."

அவள் கோட்டை விரித்துப் பிடித்தாள். அவன் கைகளை நுழைத்தான். தோளில் ஒரு சுருக்கம் இல்லை. இடுப்பில் ஒரு தொய்வு இல்லை. அவனோடு பிறந்து அவனோடு வளர்ந்ததுபோல உட்கார்ந்தது. தபீதாள் தன் வேலையைத்தான் பார்ப்பதாக நினைத்துக்கொண்டு அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மழை வலுத்தது. அவன் கோட்டைக் கழற்றி இருவர் தலைக்கும் மேலே பிடித்தான். அது ஒருவருக்கே போதவில்லை.

"இப்போ ரெண்டு பேரு நிக்க முடியாதே," என்றான் வருத்தத்தோடு.

"துணி எங்கேயும் போகல. ஒரு இன்ச்கூட வெட்டல நான். எல்லாத்தையும் உள்ளேயே மடிச்சு வெச்சிருக்கேன். பிரிச்சா பெரியப்பா சைஸு வந்துடும்."

"அந்த சைஸு எனக்கு எதுக்கு?"

தபீதாள் இன்னும் கொஞ்சம் நெருங்கி நின்றாள்.

"என் சமையலைக் கொஞ்ச வருஷம் சாப்பிட்டுட்டு அப்புறம் கேளுங்க."

இப்போதெல்லாம் தாம்பரம் ரயில் மறுபடியும் ஒரு பக்கமாகச் சாய்ந்து ஓடுகிறது. ரயில்வேக்காரர்கள் வழக்கம்போல ஒப்புக்கொள்வதில்லை.