தறிக்குழியில் ஒரு கை

மாட்டு வண்டியிலிருந்து முதலில் குதித்து இறங்கியது ராணிதான். திருமுக்கூடலிலிருந்து பாய்க்கும் பாத்திரத்துக்கும் நடுவில் நாக்கைத் தொங்கவிட்டுக்கொண்டு வந்த அந்த நாய், பிள்ளையார்பாளையத்து வீட்டின் கதவு திறந்ததும் எல்லோருக்கும் முன்னால் உள்ளே ஓடியது.

"வூட்டுக்காரம்மா போயிட்டாங்க. இனிமே நாம போலாம்" என்று சிரித்தான் குமாரவேல்.

அவனுக்குக் காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுக்கடையில் வேலை கிடைத்திருந்தது. மனைவி ரேணுகாம்பாள், நான்கு வயது மகள் லோகா, ராணி. இவ்வளவுதான் குடும்பம். வெகுநாளாகப் பூட்டிக் கிடந்த வீடு அது. பின்பக்கம் கிணறும் கொஞ்சம் வெற்றிடமும் இருந்ததால், நாய்க்கு வசதியாக இருக்கும் என்று குமாரவேல் உடனே சம்மதித்துவிட்டான்.

கூடத்தில் முன்பு தறி இருந்திருக்கிறது. தறியைப் பிரித்து எடுத்துப் போய்விட்டார்கள். நெய்கிறவர் உட்கார்ந்து காலைத் தொங்கவிடும் குழியை மட்டும் மூடாமல் விட்டிருந்தார்கள். உள்ளே மண் சரிந்து கிடந்தது. வெயில் வேளையிலும் அதிலிருந்து ஈரக் குளிர்ச்சி ஏறி வந்தது. சினையாக இருந்த ராணி குழியை முகர்ந்து பார்த்தது. உள்ளே இறங்கி இரண்டு சுற்றுச் சுற்றியது. தன் இடம் கிடைத்துவிட்டது போலப் படுத்துக்கொண்டது.

அந்தத் தெருவில் விடிந்ததிலிருந்து தறிச் சத்தம்தான். சுவருக்கு அந்தப் பக்கம், எதிர்ப் பக்கம், பின் தெரு, எல்லா வீட்டிலும் அதே சத்தம். பட்டு வேகவைக்கும் நாற்றம் காற்றில் எப்போதும் இருக்கும். ஆனால் மதியச் சாப்பாட்டுக்கு எல்லோரும் தறியை விட்டு எழுந்ததும் தெருவே செத்துப்போனது போல் ஆகிவிடும்.

அந்த அமைதியில்தான் ரேணுகாம்பாள் அதை முதலில் கேட்டாள்.

தண்ணீர் சொட்டும் சத்தம்.

சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். பின்கதவிலிருந்து கூடத்துக்கு ஈரக் காலடிகள் வந்திருந்தன. பெண்ணின் காலடிகள். மெலிந்த பாதம், விரல்கள் தனித்தனியாகப் பதிந்திருந்தன. அவை குழியின் விளிம்பு வரை போயிருந்தன.

திரும்பி வரவில்லை.

ராணி குழிக்கு வெளியே நின்று முதுகு மயிரைச் சிலிர்த்துக்கொண்டிருந்தது. குரைக்கவில்லை. தொண்டைக்குள் முனகியது. ரேணுகாம்பாள் குழிக்குள் குனிந்து பார்த்தாள். மண்தான் இருந்தது. பழைய கிணற்றின் பாசி வாடை முகத்தில் அடித்தது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே தரையில் ஈரம் உலர்ந்து, அங்கே எதுவுமே இருந்ததில்லை என்பதுபோல் ஆகிவிட்டது.

அதை அவள் புருஷனிடம் சொல்லவில்லை. புது வீடு, புது ஊர், பயம் இருக்கத்தான் செய்யும் என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டாள்.

ராணி அந்தக் குழியிலேயே குட்டி போட்டது. அன்றிலிருந்து லோகாவை வெளியே எடுப்பதே பெரும்பாடாகிவிட்டது. குட்டிகளை மடியில் போட்டுக்கொண்டு, முத்தம் கொடுத்து, அவை கழித்து வைத்த இடத்திலேயே உட்கார்ந்து விளையாடுவாள். குட்டிகளுக்கெல்லாம் வயிறு பானையாக உப்பியிருந்தது. "நல்லா பால் குடிக்குதுங்க" என்று குமாரவேல் பூரித்துப்போனான். பிறகு அவற்றில் சில, காரணம் தெரியாமல் செத்துப்போயின. மிஞ்சியவை குழி மண்ணைக் கிளறிக்கொண்டு வளர்ந்தன.

லோகாவுக்கு மண் தின்னும் பழக்கம் உண்டு. ஊரில் இருந்தபோதே உண்டு. ரேணுகாம்பாள் பார்க்கும்போதெல்லாம் அடிப்பாள். பார்க்காதபோது குழந்தை தின்னும்.

ஒருநாள் மதியம் தறிச் சத்தம் நின்றது. ரேணுகாம்பாள் சாதத்தை வடித்துவிட்டு மகளைச் சாப்பிடக் கூப்பிட வந்தாள். லோகா குழிக்குள் உட்கார்ந்திருந்தாள். தலையை நன்றாகப் பின்னால் சாய்த்து, வாயை அகலத் திறந்து வைத்திருந்தாள்.

அந்த வாய்க்குள் ஒரு கை இருந்தது.

வெளுத்துப்போன கை. நீரில் வெகுநேரம் ஊறியது போல் விரல் நுனிகளில் தோல் சுருங்கியிருந்தது. மணிக்கட்டிலிருந்து தண்ணீர் குழந்தையின் மார்பில் வழிந்தது. ஒரு விரல் குழந்தையின் நாக்குக்கு அடியில் புகுந்து எதையோ தோண்டிக்கொண்டிருந்தது.

முழங்கைக்கு மேல் எதுவும் இல்லை. குழியின் இருட்டு மட்டும்தான்.

மூச்சு விடுவது போல ஒரு குரல் கேட்டது.

"துப்பு... துப்பு..."

ரேணுகாம்பாளின் அலறலில் அக்கம்பக்கத்து வீடுகளில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் எச்சில் கையோடு ஓடி வந்தார்கள். அதற்குள் கை போய்விட்டது. லோகா பயப்படவே இல்லை. ஈரமான சட்டையைப் பிழிந்துகொண்டு சொன்னாள்:

"மண்ணு தின்னா அந்த அத்தை துப்பச் சொல்றாங்கம்மா. டெய்லியும் வராங்க."

கூட்டம் கலைந்த பிறகு அடுத்த வீட்டு அங்கம்மாள் மட்டும் நின்றாள். ஐம்பது வயது இருக்கும். அந்தத் தெருவிலேயே பிறந்து, அந்தத் தெருவிலேயே வாழ்க்கைப்பட்டவள். வாசலைத் தாண்டி உள்ளே வராமல், குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

"குடிவந்தன்னிக்கே சொல்லியிருக்கணும் ரேணு. இங்க செல்லியம்மான்னு ஒருத்தி இருந்தா. பெத்த புள்ள கண்ணையே நோண்டினவ."

"இன்னாக்கா சொல்றீங்க?"

"சின்னப்பையன்னு ஒரே புள்ள. திடீர்னு ஒரு கண்ணு அவிஞ்சி போச்சி. எப்பப் பாரு இவ அந்தப் புள்ள வாயில விரல விட்டு நோண்டிக்கினு இருப்பா. நானே பாத்துக்கீறேன். வாயில விட்டவ கண்ணுல வுட மாட்டாளா? புருஷன் போட்டு அடிச்சான். தெருவுல ஒருத்தரும் அவகிட்ட பேசலை. ஒருநாளு மத்தியானம் எல்லாரும் சாப்புடற நேரத்துல பின்னாடி கிணத்துல வுழுந்துட்டா. அவன் புள்ளையத் தூக்கிக்கினு எங்கியோ பூட்டான்."

அன்றிரவு ரேணுகாம்பாள் புருஷனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் நம்பவில்லை. மறுநாள் மகளின் நாக்கைப் பார்த்ததும் நம்பினான். நாக்கின் நடுவில் நகம் கீறிய கோடு இருந்தது. அதிலிருந்து ரத்தம் கசிந்தது.

திருப்பருத்திக்குன்றத்துக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு பூசாரியை அழைத்து வந்தார்கள். அவர் குழியைச் சுற்றி எலுமிச்சம்பழம் நறுக்கி வைத்தார். சாம்பிராணிப் புகையில் கூடமே தெரியவில்லை. உடுக்கையை அடித்துக் கேட்டார்.

"எதுக்கு வர? இந்தக் கொழந்தகிட்ட உனக்கு இன்னா வேலை?"

குழிக்குள்ளிருந்து அழுகை கேட்டது. வாயைப் பொத்திக்கொண்டு அழுகிற அழுகை. அதில் ஏதோ ஒரு சொல் திரும்பத் திரும்ப வந்தது. அது என்னவென்று யாரும் காது கொடுத்துக் கேட்கவில்லை. பூசாரி இன்னும் பலமாக உடுக்கையை அடித்தார். பிறகு நீளமான ஆணி ஒன்றைக் குழியின் விளிம்பில் வைத்து, அது முழுவதும் இறங்கும்வரை சுத்தியலால் அடித்தார்.

ஒவ்வோர் அடிக்கும் கீழே யாரோ துடித்தார்கள்.

கடைசி அடிக்குப் பிறகு அழுகை நின்றது.

அதன்பின் வீடு அமைதியாகிவிட்டது. மதியத்தில் தண்ணீர் சொட்டவில்லை. காலடி ஈரம் இல்லை. ரேணுகாம்பாளுக்கு உடம்பிலிருந்து ஒரு பாரம் இறங்கியது போலிருந்தது. வீட்டிலிருந்தபடியே பட்டு இழை சுற்றும் வேலையை வாங்கிக்கொண்டாள். ராட்டினத்தைச் சுற்றிக்கொண்டே, குழிக்குள் மகள் குட்டிகளோடு சிரித்து விளையாடுவதைக் கேட்டுக்கொண்டிருப்பாள். அந்தச் சிரிப்பு அவ்வப்போது நிற்கும். வாய் நிறைய எதையோ வைத்திருப்பது போல நிற்கும். இழை அறுந்துவிடும் என்று அவள் எழுந்து போய்ப் பார்த்ததில்லை.

மழைக்காலம் முடிந்து பனி விழ ஆரம்பித்த காலத்தில், கூப்பிட்டால் லோகா தலையைச் சாய்த்துப் பார்க்கத் தொடங்கினாள். விளக்கு வெளிச்சத்தில் அவள் திரும்பும்போது, இடது கண்ணின் பாப்பா வெள்ளையாக மின்னியது. பூனைக் கண் போல.

குமாரவேல் கை வைத்து அவளுடைய வலது கண்ணை மூடினான்.

"அப்பா எங்கடா கீறேன்?"

குழந்தை சிரித்துக்கொண்டே சுவர்ப் பக்கம் கையை நீட்டினாள்.

மெட்ராஸில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். கண்ணுக்குள் கட்டி போலத் தெரிகிறது என்றார்கள். புற்றுநோயாக இருந்தால் மூளைக்குப் போய்விடும், கண்ணை எடுத்துவிட்டால் உயிராவது மிஞ்சும் என்றார்கள். குமாரவேல் கையெழுத்துப் போட்டான். லோகாவை உள்ளே தூக்கிக்கொண்டு போகும்போது அவள் ராணியைக் கேட்டு அழுதாள்.

கட்டுப் பிரிப்பதற்கு முன் ஒருநாள் டாக்டரம்மா இருவரையும் தன் அறைக்குக் கூப்பிட்டார். நரைத்த தலை, களைத்த முகம்.

"எடுத்த கண்ணைப் பரிசோதனை பண்ணிப் பாத்துட்டோம். புற்றுநோய் இல்ல" என்றார்.

ரேணுகாம்பாள் கையெடுத்துக் கும்பிட்டாள். "காமாட்சி காப்பாத்திட்டாம்மா."

டாக்டரம்மா அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை. "உள்ள இருந்தது ஒரு புழு. ரொம்பச் சின்னது. கண்ணுக்குள்ள செத்துப்போய், அதைச் சுத்திப் புண்ணாகியிருக்கு. உங்க வீட்ல நாய் இருக்கா?"

"இருக்குதுங்க" என்றான் குமாரவேல். "குட்டிங்களும் இருந்துச்சிங்க."

"நாய்க்குட்டி வயித்துல இருக்கற புழும்மா இது. அதுங்க கழிக்கற இடத்துல புழுவோட முட்டை மண்ணுல கலந்துடும். நம்ம கண்ணுக்குத் தெரியாது. வருஷக் கணக்கா சாகாம கிடக்கும். குழந்தைங்க அந்த மண்ணை வாயில வெச்சா வயித்துக்குள்ள போய்ப் பொரிக்கும். அப்புறம் ஈரல், நுரையீரல், எங்க வேணா போகும். சில குழந்தைங்களுக்குக் கண்ணுக்குப் போயிடுது. நாய் மேல தப்பு இல்ல. அதுக்குப் புழு மருந்து குடுத்து, கழிச்ச இடத்தைச் சுத்தம் பண்ணியிருந்தா போதும்." சற்று நிறுத்தினார். "இவ மண்ணு தின்னுவாளா?"

"தின்னுவாங்க."

"தடுக்க வீட்ல யாரும் இல்லியாமா?"

ரேணுகாம்பாள் வாயைத் திறந்தாள்.

"இருந்தாங்கம்மா" என்றாள்.

காஞ்சிபுரம் திரும்பியதும் அவள் தன் வீட்டுக்குப் போகவில்லை. நேராக அங்கம்மாள் வீட்டு வாசலில் போய் நின்றாள்.

"அக்கா, அந்தச் செல்லியம்மா வூட்ல நாய் இருந்துச்சா?"

"இருந்துச்சி. அவ புருஷன் வளத்தான். குழியிலதான் குட்டி போடும். ஏம்மா?"

"அந்தப் புள்ள மண்ணு தின்னுமா?"

அங்கம்மாள் யோசித்தாள். "தின்னும்" என்றாள் கடைசியில்.

"அவ கண்ண நோண்டினத யாருனா பாத்தீங்களாக்கா?"

"பாக்கலை. எல்லாரும் சொன்னாங்க."

"நீங்களும் சொன்னீங்களா?"

அங்கம்மாள் உள்ளே போய்விட்டாள்.

குமாரவேல் ராணியையும் யாருக்கும் கொடுக்காமல் வைத்திருந்த ஒரு குட்டியையும் மாட்டாஸ்பத்திரிக்கு இழுத்துப் போய் மருந்து வாங்கிக் கொடுத்தான். குட்டியின் வயிற்றிலிருந்து வெள்ளை வெள்ளையாகச் சுருண்டு வந்து விழுந்தன. சிக்குப் பிடித்த பட்டு நூல் போல இருந்தன. ரேணுகாம்பாளால் அதன்பிறகு இழையைத் தொட முடியவில்லை.

அடுத்த நாள் மதியம் தறிச் சத்தம் நின்றதும், அவள் கடப்பாரையை எடுத்துக்கொண்டு குழியருகே உட்கார்ந்தாள். ஆணி துருவேறி மண்ணோடு இறுகியிருந்தது. உள்ளங்கை கிழிந்து ரத்தம் வந்தது. கடைசியில் அது ஒரு பல் பிடுங்கப்படுவது போல வெளியே வந்தது.

"செல்லிக்கா" என்று குழிக்குள் கிசுகிசுத்தாள். "வாக்கா. தெரியாம செஞ்சிட்டோம். வந்து எம் பொண்ணைப் பாருக்கா."

மண் வாடை மட்டும் வந்தது. அவள் சாயங்காலம்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தாள். மறுநாளும் உட்கார்ந்தாள். ஒரு சொட்டுத் தண்ணீர் விழவில்லை.

கொஞ்ச நாளில் வீட்டைக் காலி செய்துவிட்டு, பட்டுக்கடைக்கு அருகிலேயே வேறு இடம் பார்த்துக்கொண்டு போனார்கள். லோகாவுக்குக் கண்ணாடிக் கண் வைத்தார்கள். அவள் மிச்சமிருந்த ஒரு கண்ணால் ராணியைத் தேடிப் பிடித்துக் கட்டிக்கொண்டு தூங்கினாள். தெருவில் பேச்சு கிளம்பியது: பெற்றவள் ஏதோ செய்துவிட்டாள், அதனால்தான் வீடு மாறினார்கள் என்று. ரேணுகாம்பாள் யாரிடமும் மறுத்துப் பேசவில்லை.

பழைய வீட்டுக்கு வேறொரு குடும்பம் வந்திருப்பதாகவும், அவர்களிடமும் ஒரு நாய் இருப்பதாகவும் கேள்விப்பட்டபோது அவளால் சும்மா இருக்க முடியவில்லை. நேரில் போய்ச் சொல்லிவிட வேண்டும் என்று கிளம்பினாள். குழியை மூடச் சொல்ல வேண்டும், மேல்மண்ணை அள்ளி வெளியே கொட்டச் சொல்ல வேண்டும், நாய்க்கு மருந்து கொடுக்கச் சொல்ல வேண்டும். போய்ச் சேர்ந்தபோது மதியமாகிவிட்டது.

குடிவந்த இளம்பெண் கதவைத் திறந்துகொண்டு வாசலுக்கு வந்தாள். இடுப்பில் ஆண் குழந்தை. ரேணுகாம்பாள் சொன்னதையெல்லாம் நின்று கேட்டாள். அவள் கண்கள் கலங்கிவிட்டன.

"நல்ல வேளை சொன்னீங்கக்கா. இவனும் எப்பப் பாரு அந்தக் குழியிலதான் கெடப்பான். ஆனா ஒண்ணு, கையில வாயில ஒரு பொட்டு மண்ணு இருக்காது. யாரோ கழுவி வுட்ட மாதிரி இருக்கும்."

அவள் குழந்தையின் இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினாள். சிறிய கைகள். சுத்தமாக, சில்லென்று, இன்னும் ஈரமாக இருந்தன. சீயக்காய் மணத்தோடு பழைய கிணற்றின் பாசி வாடையும் வந்தது.

"நீங்க கழுவினீங்களா?"

"நான் இப்பதான் தூங்கி எழுந்து வரேன்கா. வூட்ல வேற யாரும் இல்ல. உள்ள வாங்க, வந்து அந்தக் குழியப் பாருங்க."

ரேணுகாம்பாள் படியில் கால் வைத்தாள்.

திறந்திருந்த கதவு அவள் முகத்துக்கு நேராக மெதுவாக மூடிக்கொண்டது. அந்தப் பெண்ணும் குழந்தையும் அவளோடு வெளியேதான் நின்றிருந்தார்கள்.

உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது.