சிவப்பு ஒயரின் நாக்கு

"சாயங்காலத்துக்குள்ள ராஜினாமா எழுதிக் கொடுக்கணுமாம் சார். இல்லேன்னா போலீஸாம்."

நாகலிங்கத்தின் மின்னி பே வீட்டு வாசலில் வைஜெயந்தி சொட்டும் குடையோடு நின்றாள். ஷாதிபூரில் ஒரு சிறு மருத்துவமனையின் இணையம் முழுக்க அவள் பொறுப்பு. நாகலிங்கம் கப்பலில் ஒயர்லெஸ் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். தீவுத் தமிழர்கள் தங்கள் வம்புகளைப் போலீஸுக்கு முன்னால் அவரிடம்தான் கொண்டுவருவார்கள். மனிதர் அவசரப்படவே மாட்டார். அந்தக் குறையைத் தீர்க்கத்தான் அண்ணன் மகள் செல்லம் இருக்கிறாளே! அவள் அதற்குள் ஸ்கூட்டர் சாவியை எடுத்துவிட்டாள்.

"இரும்மா. விஷயத்தைக் கேட்போம்" என்றார் நாகலிங்கம்.

மருத்துவமனைக்கு நெட் ஊர் லைனில் இல்லாமல், கூரையில் இருக்கும் தனி டிஷ் வழியாக வருகிறது. அதுவும் சன்னமான குழாய்த் தண்ணீர் மாதிரிதான். தினம் காலை பத்து மணிக்குச் சென்னை டாக்டர் வீடியோவில் நோயாளிகளைப் பார்ப்பார். அதனால் ஒயர்களெல்லாம் வந்து சேரும் ஸ்விட்ச் பெட்டியில், முதல் போர்ட்டுக்கே, அதாவது ஒயர் செருகும் முதல் துளைக்கே, முதல் உரிமை என்று வைஜெயந்தி அமைத்திருந்தாள். டாக்டரின் சிவப்பு ஒயர் அதில். மிச்சம் மீதிதான் மற்றவர்களுக்கு. அப்படியும் சில காலைகளில் வீடியோ நின்றுபோனது. நேற்று காலை பத்து மணிக்கு, பாராடாங் தீவிலிருந்து பிரசவத்துக்கு வந்த பொன்னம்மா ரத்தப்போக்கில் கிடந்தபோது டாக்டரின் முகம் திரையில் அப்படியே உறைந்துவிட்டது. அவள் பிழைத்தது தெய்வச் செயல்.

"பாஸ்வேர்ட் என்கிட்ட மட்டும்தான் இருக்கு. அதனால செட்டிங்கை நான்தான் மாத்தினேன்னு நேத்து மத்தியானம் ஆபீஸ்ல கூப்பிட்டுச் சொல்லிட்டாங்க. நான் தொடவே இல்லை சார். இப்பவும் வெச்ச மாதிரியேதான் இருக்கு."

"வீட்டுல என்ன சொல்றாங்க?"

"என் வீட்டுக்காரர்தான் எனக்கு ஒரே ஆறுதல். ‘சோடோ வைஜி, வேலையை விடு, மெயின்லேண்ட் போய் அம்மாகூடக் கொஞ்ச நாள் இரு’ன்னு நேத்து ராத்திரியே கப்பல் டிக்கெட்டைக் கையில கொடுத்துட்டார்."

நாகலிங்கம் தலையசைத்துக்கொண்டே செருப்பை மாட்டினார்.

சுனாமித் தண்ணீரைப் பார்த்தவர்கள் கட்டிய மருத்துவமனை அது. அதனால் ஸ்விட்ச் பெட்டி சீலிங்கை ஒட்டித் தொங்கியது. நாகலிங்கம் ஸ்டூல்மேல் ஏறிச் சிவப்பு ஒயரை மெல்லத் தொட்டார். கையோடு வந்துவிட்டது.

"ஒயர் நுனியில பிளாஸ்டிக் நாக்கு இருக்குமே, அது எங்க?"

"ஒடிஞ்சிருக்கு!" என்றாள் வைஜெயந்தி. "ரெண்டு வருஷமா இதை நான் கழட்டினதே இல்லையே."

"அடிக்கடி பிடுங்கிச் செருகினாத்தான் ஒடியும்மா. கடைசி போர்ட்ல இருக்கிற ஒயருக்கும் நாக்கு இல்லை. அது யாருது?"

"கீழே என் வீட்டுக்காரரோட கப்பல் டிக்கெட் கடைக்குப் போறது. நான்தான் அதைக் கடைசி வரிசையில வெச்சேன்."

செல்லம் பொறுக்கமாட்டாமல் கத்தினாள். "கணக்கர் பக்தவத்சலம்தான் சித்தப்பா! இந்த ரூம் சாவி அவர்கிட்டயும் இருக்கு, ஓயாம படம் பார்க்கிற ஆளு!"

"அரே, என்னம்மா நீ!" கதவோரம் நின்ற பக்தவத்சலம் பதறினார். "நேத்து விடியறதுக்கு முன்னாலருந்து நான் கப்பல் டிக்கெட் கியூல நின்னேன். பத்து மணிக்குக் கவுண்டர் திறந்தான், ஊர் பூரா நெட் படுத்துக்குச்சு. அஞ்சே நிமிஷத்துல டிக்கெட் கதம்! ஒண்ணுகூடக் கிடைக்கலை."

"கீழே கடைக்காரரைக் கூப்பிடு" என்றார் நாகலிங்கம்.

ரவிச்சந்திரன் சிரித்த முகத்தோடு வந்தார். ஸ்டூலைப் பார்த்ததும் சிரிப்பு போய்விட்டது.

"செட்டிங்கை யாரும் மாத்தலை" என்று நாகலிங்கம் நிதானமாகத் தொடங்கினார். "பெட்டி உரிமை கொடுக்கிறது போர்ட்டுக்கு, டாக்டருக்கு இல்லை. முதல் போர்ட்ல எந்த ஒயர் இருக்கோ அதுதான் ராஜா. பத்து மணிக்கு ரெண்டு ஒயரையும் இடம் மாத்திச் செருகினா போதும். டாக்டர் வீடியோ ஓடினா உங்க கடைக்கு ஒரு சொட்டு நெட் வராது. ஆனா நேத்து ஊர்ல யாருக்கும் கிடைக்காத டிக்கெட் உங்களுக்குக் கிடைச்சுது. வீடியோ நின்ன காலையெல்லாம் கப்பல் டிக்கெட் திறக்கிற காலையான்னு பார்த்துக்கோ வைஜெயந்தி."

அவள் யோசித்தாள். ஆமாம் என்று உதடு மட்டும் அசைந்தது.

"நம்ம வீட்டுக்குத்தானே வைஜி சம்பாதிச்சேன்" என்றார் ரவிச்சந்திரன். "இந்த ரூம் சாவி நம்ம வீட்டு ஆணியில தொங்குச்சு... பத்து நிமிஷம்தானேன்னு..."

"முதல் போர்ட் விஷயத்தைப் பெருமையா உங்ககிட்ட மட்டும்தானே சொன்னேன்!" அவள் குரல் உடைந்தது. "பாவி, உங்களை நம்பித்தானே சாப்பிட்டேன், தூங்கினேன்!"

"இன்னும் ஒண்ணு இருக்கும்மா." சொல்ல நாகலிங்கத்துக்கே கஷ்டமாக இருந்தது. "உன்மேல பழி வந்தது மத்தியானம். உன்னை ஊருக்கு அனுப்ப டிக்கெட் போட்டது காலை பத்து மணிக்கு. பழி உன்மேலதான் விழும்னு அவருக்கு அப்பவே தெரியும்."

வைஜெயந்தி கணவரையே பார்த்தாள். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

அவள் ஸ்டூல்மேல் ஏறினாள். கடைசி போர்ட்டிலிருந்த கடை ஒயரைப் பிடுங்கி அவர் காலடியில் போட்டாள். கைப்பையிலிருந்து டிக்கெட்டை எடுத்து அதன்மேல் போட்டாள்.

"பக்தவத்சலம் சார், ராஜினாமா கிடையாதுன்னு ஆபீஸ்ல சொல்லுங்க" என்றாள். "போலீஸைக் கூப்பிடறேன்னாங்களே, கூப்பிடச் சொல்லுங்க."