கடைவாய்ப்பல் சரணாலயம்

காலை ஆறு மணிக்கு வனக்காவலர் திலகராஜ் வந்துவிடுவார். பாவாயி கதவைத் திறந்துவிட்டு, முன்னறை நாற்காலியில் உட்கார்ந்து, மின்விளக்கைப் பார்த்தபடி வாயைத் திறப்பாள். அவர் செருப்பை வாசலில் விட்டு, கையுறை மாட்டி, சுண்டுவிரல் பருமனுள்ள காமிராவை அவளது இடப்புறக் கன்னத்துக்குள் நுழைத்து, கடைசிப் பல்லைச் சுற்றி மெல்ல ஓட்டுவார். உயிர்க்கணக்கு எடுத்து முடிய ஏழு நிமிடம் ஆகும். அதுவரை அவள் எச்சில் விழுங்கக் கூடாது. பிறகு அவர் பதிவேட்டில் குறித்துக்கொண்டு, "வரேனுங்கக்கா" என்று கிளம்புவார். அவள் எழுந்து டீ போடப் போவாள்.

வீட்டு வாசலில் பச்சைப் பலகை ஒன்று நட்டிருந்தார்கள். "கீழ்த்தாடை இடப்புறக் கடைவாய்ப்பல் சரணாலயம். அத்துமீறி நுழைதல், மேய்தல், சுரண்டுதல், தீ மூட்டுதல் தண்டனைக்குரியவை." பாவாயியின் கணவர் நாச்சிமுத்துவுக்கு அந்தப் பலகையின் மேல் கொள்ளைப் பெருமை. வாரம் ஒருமுறை ஈரத் துணியால் துடைத்துவிடுவார். மனைவியின் வாய்க்குள் மட்டும் அவர் எட்டிப் பார்த்ததில்லை. அனுமதி வாங்க வேண்டுமே!

ஒரு பல்லுக்கு இத்தனை ஆர்ப்பாட்டம் எதற்கு என்று கேட்பீர்கள். நாற்பது ஆண்டுகளுக்கு முன் ஒரு கொள்ளைநோய் வந்து போனது. அதற்குப் பின் வீட்டுக்கு வீடு தூவொளிக் குழாய் பொருத்தினார்கள். காலையும் மாலையும் அந்த நீல ஒளியில் நின்றால் உடம்பில் ஒரு கிருமி மிஞ்சாது. மனிதனுக்கு ஒன்று நன்றாக வேலை செய்கிறது என்று தெரிந்தால் அளவோடு நிறுத்தத் தெரியாது. தெருவுக்குப் போட்டார்கள், வயலுக்குப் போட்டார்கள், நொய்யல் ஆற்றங்கரை நெடுக விளக்குக் கம்பம் போல வரிசையாக நட்டார்கள். சில ஆண்டுகளில் நோய் ஒழிந்தது. இன்னும் சில ஆண்டுகளில், உதிர்ந்த இலை மக்காமல் போனது.

முதலில் யாருக்கும் அது பெரிதாகத் தெரியவில்லை. இலை விழுந்தது, விழுந்த இடத்திலேயே கிடந்தது, அதன்மேல் அடுத்த ஆண்டின் இலை விழுந்தது. இலையைத் தின்று மண்ணாக்கும் நுண்ணுயிர் இல்லாவிட்டால் மண்ணுக்கு உரமில்லை, உரமில்லாவிட்டால் செடியில்லை என்பது ஐந்தாம் வகுப்புப் பாடம். அந்தப் பாடத்தை எல்லோரும் மதிப்பெண்ணுக்காகப் படித்திருந்தார்கள். முழங்காலளவு சருகில் நடக்க வேண்டி வந்தபோதுதான் அரசு விழித்துக்கொண்டு நுண்ணுயிர்க் காப்புச் சட்டம் கொண்டுவந்தது. மிச்சம் மீதி ஏதாவது இருக்கிறதா என்று ஊர் ஊராகத் தேடினார்கள்.

கொங்கு நாடு முழுவதும் சலித்ததில் ஒரே இடத்தில் அகப்பட்டது. தானியங்கித் தறிக்கூடத்தில் மேற்பார்வை பார்த்து வந்த பாவாயியின் கடைவாய்ப்பல் கொஞ்சம் கோணலாக முளைத்திருந்தது. அதற்கும் ஈறுக்கும் நடுவே தூவொளி எட்டாத ஒரு சந்து. அந்தச் சந்துக்குள், ஒரு காலத்தில் ஆற்று வண்டலில் கோடி கோடியாக இருந்த ஓர் இனம், தன் துணை உயிர்கள் ஐந்தாறோடு ஒண்டிக்கொண்டு பிழைத்திருந்தது. அதற்கு 'நொய்யல் மக்கி' என்று பெயர் வைத்தார்கள். பல் மையப் பகுதியாகவும், பக்கத்துப் பற்கள் இரண்டும் தாங்கு மண்டலமாகவும் அறிவிக்கப்பட்டன. அந்தப் பக்கம் பல் துலக்கக் கூடாது. சூடாகக் குடிக்கக் கூடாது. கிராம்புத் தைலம் வைத்தால் ஏழாண்டுச் சிறை. இயற்கை வார விழாவின்போது நாற்பத்திரண்டு பள்ளிப் பிள்ளைகள் வரிசையில் வந்து அவள் வாய்க்குள் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

இதையெல்லாம் பாவாயி பொறுத்துக்கொண்டாள். மூன்று ஆண்டுகளுக்கு முன் அந்தப் பல்லில் விரிசல் விட்டு, வலி வந்தது. இந்த ஆண்டு சீழ் வைத்தது.

பல் மருத்துவர் நஸ்ரின் கண்ணாடித் தடுப்புக்கு வெளியே நின்றுதான் பார்க்க முடியும். தொட அவருக்கு உரிமமில்லை. காவலரின் காமிராப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"பாவாயிம்மா, இன்னும் ஒரு மாசம் விட்டா சீழ் தாடை எலும்புக்குப் போயிரும். அப்புறம் பல்லு இல்ல, தாடையவே எடுக்கணும். உயிருக்கும் ஆபத்து."

"எடுத்துப் போட்டுருங்க டாக்டரம்மா."

"எடுக்க வேண்டியதே இல்ல. ஒரு ஊசி போட்டு மரத்துப்போக வெச்சு, சீழை வடிச்சாப் போதும். அப்படியே மக்கியில பாதிய, அதோட கூட்டாளிங்களையும் சேத்து வழிச்சு, ஈர இலை போட்ட சட்டியில விட்டுரலாம். அது தனியா வாழாது. கூட்டமா இருந்தாத்தான் வாழும். சட்டியில பெருகுச்சுன்னா ஊரெல்லாம் குடுக்கலாம். உங்களுக்கும் நல்லது, அதுக்கும் நல்லது."

நல்லதுதான். ஆனால் அரிய உயிரை அதன் இயற்கை வாழிடத்திலிருந்து பெயர்ப்பது ஒன்பதாம் பிரிவின்படி குற்றம். விலக்கு வேண்டுமானால் பசுமைத் தீர்ப்புப்பொறியிடம் மனுப் போட வேண்டும். மனிதர்கள் கையூட்டு வாங்குகிறார்கள், தாமதம் செய்கிறார்கள் என்று சுற்றுச்சூழல் அனுமதிகளை முழுதாக அந்தப் பொறியிடம் ஒப்படைத்திருந்த காலம் அது. நஸ்ரின் நல்ல கலைச்சொற்களாகப் பார்த்து எழுதிக் கொடுத்த 'கீழ்த்தாடை உணர்விழப்பு மற்றும் சீழகற்றல் அனுமதி' மனு மூன்று முறை போய், மூன்று முறையும் திரும்பி வந்தது. "நோக்கம்: நோய் தீர்த்தல். மறுக்கப்படுகிறது." அதற்குமேல் ஒரு வரி கிடையாது.

மூன்றாவது மறுப்பு வந்த அன்று பாவாயி அழுவாள் என்று நாச்சிமுத்து எதிர்பார்த்தார். அவள் தறிக்கூடத்துக்குக் கிளம்பிப் போனாள். கொஞ்ச நாளாகவே அவளுக்கு எதுவும் உறைப்பதில்லை. சோறு, மழை, தம்பி மகளின் கல்யாணம் எல்லாம் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நடப்பதாகத் தெரிந்தன. உடம்பில் உணர்ச்சி என்று பாக்கி இருந்தது அந்தப் பல்லில் மட்டும்தான்.

மறுவாரம் ஒரு காலை, திலகராஜ் கணக்கெடுத்து முடித்துக் கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்தார். பாவாயி சுவரிலிருந்த மனுப்பெட்டியின் பொத்தானை அழுத்தினாள். இம்முறை மருத்துவரின் தாளை எடுக்கவில்லை.

"வணக்கம். தங்கள் கோரிக்கையைத் தமிழில் சொல்லலாம்" என்றது பொறி.

"என்ற கடைவாய் மரத்துப்போகோணுமுங்க. அதுக்கு ஒரு உத்தரவு குடுங்க. வேற ஒண்ணும் வேண்டாமுங்க."

பொறி நான்கு விநாடி சொற்களைப் பிரித்துப் பார்த்தது. பொறிக்கு இலக்கணம் கரதலப்பாடம். மரத்து என்றால் மரத்தினுடைய. போக என்றால் அகல. மூன்று முறை திரும்பி வந்த மனு, பிரித்த பிரிப்பில் வேறொரு பிரிவுக்குத் தாவிவிட்டது.

"மரம் அகற்றும் கோரிக்கை பதிவாயிற்று. கடைவாய் என்ற ஊர் பட்டியலில் இல்லை. புதிதாகச் சேர்க்கப்படுகிறது. மரத்தின் உயரம் என்ன?"

பாவாயி திலகராஜைப் பார்த்தாள். அவர் வாய் பாதி திறந்தபடி நின்றார். பிறகு, ஆண்டுக்கணக்கில் தினமும் அளந்த பழக்கத்தில், தன்னையறியாமல் சொன்னார். "ரெண்டு சென்டிமீட்டருங்க."

"வயது?"

"முப்பது வருசமிருக்குமுங்க" என்றாள் பாவாயி.

"வளர்ச்சி குன்றிய முதிர்ந்த மரம். அகற்றும் நோக்கம் என்ன? ஒன்று, வீடு. இரண்டு, நோய். மூன்று, ஆபத்து. நான்கு, சாலை விரிவாக்கம்."

பாவாயி இரண்டு என்று சொல்ல வாயெடுத்தாள். திலகராஜ் அவசரமாகக் கையை ஆட்டி, பெட்டிக்குக் கேட்காதபடி அவள் காதருகில் குனிந்தார்.

"ரோடுன்னு சொல்லுங்கக்கா. எங்கப்பாரும் வனத்துறைதானுங்க. அவரு காலத்துல இருந்து பாக்கறேன். ரோடுன்னு கேட்டு ஆரும் இல்லைன்னு சொன்னதில்லீங்க."

"அப்ப அந்த மக்கி என்னாகுந் தம்பி?"

திலகராஜ் பதிவேட்டை மூடினார். அதுவே பதில்தான். தன் வாய்க்குள் குடியிருக்கும் அந்தச் சின்னஞ்சிறு கூட்டத்தை நினைத்து ஒரு சொட்டு இரக்கமாவது வருகிறதா என்று பாவாயி தனக்குள் தேடிப் பார்த்தாள். வரவில்லை. வராதது அவளுக்கு அவமானமாக இருந்தது. ஆனால் பல் வலித்தது.

"ரோட்டுக்குங்க" என்றாள்.

அவள் வாயை மூடுவதற்குள் உத்தரவு வந்துவிட்டது. "அனுமதிக்கப்படுகிறது. ஒரு மரத்துக்கு ஈடாக வேறு இடத்தில் பத்து நடப்படும்."

பாவாயிக்கு நெடுநாளைக்குப் பிறகு கோபம் போல ஒன்று வந்தது. "மூணு வருசமா நோவு நோவுன்னு கத்துனேன். அப்பெல்லாம் முடியாதுன்னுபோட்டு, இப்ப இம்மாஞ் சுளுவாக் குடுக்கறீங்களே, இது என்ன நாயமுங்க?"

"நான் நியாயத்தைக் கற்கவில்லை. நூற்றிருபது ஆண்டுகளாக மனிதர்கள் கையெழுத்திட்ட ஆணைகளைக் கற்றேன்" என்றது பொறி. அதன் குரலில் மரியாதை குறையவில்லை. "விறகு பொறுக்க, மூலிகை பறிக்க, நோய்க்கு மருந்தெடுக்க வந்தவர்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றேழு பேரை அவர்கள் திருப்பி அனுப்பினார்கள். சாலைக்கு வந்தவர்களை அனுப்பவில்லை. அவர்கள் வழியைத்தான் நான் பின்பற்றுகிறேன். எனக்கென்று சொந்தக் கருத்து கிடையாது. நன்றி."

அன்றே மருத்துவமனைக்குப் போனார்கள். திலகராஜ் சாட்சியாகக் கூட வந்தார். நஸ்ரின் உத்தரவை இரண்டு முறை படித்தார். மேசையில் ஈர இலை போட்ட சட்டியைத் தயாராக எடுத்து வைத்திருந்தார்.

"சீழை மட்டும் வடிச்சுட்டு, கொஞ்சம் வழிச்சு இதுல விட்டுரவா?"

திலகராஜ் தடுத்தார். "முடியாதுங்க மேடம். வேரோட அகற்றணும், அகற்றினத அன்னைக்கே எரிக்கணும்னு போட்டிருக்குதுங்க. பிரிச்சு வேற எடத்துல நடறதுக்கு அனுமதி இல்லீங்க."

"அப்ப கொல்றதுக்கு உத்தரவு இருக்கு. காப்பாத்தறதுக்குத்தான் இல்ல. அப்படித்தானே?"

"அப்படித்தானுங்க மேடம்" என்றார் திலகராஜ். அவர் குரலில் வருத்தமும் இல்லை, வருத்தமில்லாமலும் இல்லை.

ஊசி இறங்கியது. தாடை மரத்துப்போனது. பல் வேரோடு வந்தது. அது எரியும்போது பாவாயி வராந்தா பெஞ்சியில் கன்னத்தில் பஞ்சோடு உட்கார்ந்திருந்தாள். வலி இல்லை. மூன்று ஆண்டுகளாக எதற்கு ஏங்கினாளோ அது கிடைத்துவிட்டது. சந்தோஷமாக இருக்க வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

இரண்டு மாதம் கழித்து அவளுக்கு அழைப்பிதழ் வந்தது. முந்நூறு கிலோமீட்டருக்கு அப்பால், கடலோர மாவட்டமொன்றில், பொட்டல் வெளி. பொறியின் ஆணையோடு அகற்றப்பட்ட பொருளின் படமும் போயிருந்ததால், களப் பணியாளர்கள் அச்சுப் பிசகாமல் நிறைவேற்றியிருந்தார்கள். செம்மண்ணில் பத்துக் குழி வெட்டி, பத்துப் பீங்கான் பற்களை, ஒவ்வொன்றும் ஓர் ஆள் உயரத்துக்கு, வரிசையாக நட்டிருந்தார்கள். ஆடு மேயாமலிருக்கச் சுற்றிலும் இரும்புக் கூண்டு. ஒவ்வொரு கூண்டிலும் எண்ணும், நட்ட தேதியும், துறைத் தலைவரின் பெயரும். முன்னாள் வாழிட உரிமையாளர் என்ற முறையில் முதல் பல்லுக்குத் தண்ணீர் ஊற்றும் பெருமை பாவாயிக்குத் தரப்பட்டது. அவள் ஊற்றினாள். தண்ணீர் வழவழப்பில் நிற்காமல் வழிந்தோடியது. படம் எடுத்தார்கள்.

திலகராஜை அந்த இடத்துக்கே மாற்றியிருந்தார்கள். புதுச் சீருடையில், காமிராவோடு நின்றுகொண்டிருந்தார்.

"இங்கயும் தெனமும் கணக்கு எடுக்கறீங்களா தம்பி?"

"எடுக்கறனுங்கக்கா. பத்தையும் சுத்திப் பாக்க ஒரு மணி நேரமாகுது."

"உள்ள என்ன இருக்குது?"

"ஒண்ணுமில்லீங்க."

ஒலிபெருக்கியில் தீர்ப்புப்பொறி ஆண்டறிக்கையை வாசிக்கத் தொடங்கியது. சரணாலயத்தின் பரப்பு ஒரே ஆண்டில் பத்து மடங்குக்கு மேல் பெருகியிருக்கிறது. வேட்டை இல்லை, அத்துமீறல் இல்லை, நோய் இல்லை. நடவு செய்த நாள் முதல் இன்றுவரை இந்த வளாகத்தில் ஓர் உயிர்கூட இறக்கவில்லை. ஆகவே நாட்டின் தலைசிறந்த சரணாலயமாக இது தேர்வு செய்யப்படுகிறது.

பந்தலில் இருந்த அத்தனை பேரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். பாவாயியும் எழுந்து கைதட்டினாள்.