கீழ்த்தளத்து மூடி

கப்பலின் இடப்பக்க வட்டச் சன்னல்களில் ஒன்று மட்டும் பனித்திருந்தது. மிளகளவுகூட இல்லாத சன்னல். பெரியவன் தலையில் மாட்டியிருந்த உருப்பெருக்கிக் கண்ணாடியைக் கண்ணுக்கு இறக்கிக்கொண்டு, துணி நுனியை ஈரப்படுத்தித் துடைத்துப் பார்த்தான். போகவில்லை. பனி உள்பக்கம் இருந்தது.

அவனுக்கு முதலில் வந்தது பயமில்லை, எரிச்சல். பிளாஸ்டிக் கப்பல் கட்டுகிற எவனும் ஆரம்பத்திலேயே அடிபட்டுக் கற்றுக்கொள்கிற விஷயம் அது. சூப்பர் க்ளூ காய்கிறபோது ஒரு ஆவி விடும். பக்கத்தில் கண்ணாடித் துண்டு எது இருந்தாலும் அதன்மேல் வெள்ளையாகப் படிந்துவிடும். அதனால் உள்வேலை முடிந்ததும் காற்றாடப் போட்டுவிட்டுத்தான் கப்பலின் இரண்டு பாதிகளையும் சேர்த்து ஒட்ட வேண்டும். இவன் அவசரப்பட்டு அன்றைக்கே மூடிவிட்டான். இல்லை, தம்பியின் நண்பன் சுக்கான்தான் அவசரப்படுத்தினான். இத்தனை கப்பல் கட்டியவன் கத்துக்குட்டி மாதிரி கோட்டை விட்டாயே என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டு விளக்கை அணைத்தான்.

அவன் வேலை செய்த அறை வீட்டுக்கு அடியில், தெருமட்டத்துக்குக் கீழே இருந்தது. முன்பு அங்கே குடியிருந்த வியாபாரி சரக்கு வைக்கக் கட்டிய கிடங்கு அது. கதவு கனத்த இரும்பு, தாழ்ப்பாள் வெளிப்பக்கம். கூரையை ஒட்டி ஒரு கையகலக் கண்ணாடி பதித்திருந்தது. தெருவில் போகிறவர்களின் கால்கள் மட்டும் அதில் தெரியும். பகலெல்லாம் பல் மருத்துவர்களுக்குப் பொய்ப்பல் செய்து கொடுப்பது அவன் தொழில். ஊரார் வாய்க்கெல்லாம் பல் கட்டிவிட்டு மாலையில் கீழே இறங்கினால், அதே இடுக்கி, அதே ஊசி, அதே மெல்லிய தூரிகை. கல்யாணம் கட்டிக்கொள்ளச் சொன்னால் கப்பல் கட்டுகிறான் என்று அம்மா வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பாள்.

இந்தக் கப்பலைப் பற்றி மட்டும் அவள் சிரிக்கவில்லை. இதைக் கட்டச் சொன்னதே அவள்தான். பெரியவனின் தம்பி சின்னவன் இந்தப் போர்க்கப்பலில்தான் வேலை பார்த்தான், இதன் இயந்திர அறையில்தான் செத்தான். கண்ணிவெடியில் சிக்கிய கப்பல் அவனையும் சேர்த்துக்கொண்டு கடலுக்கு அடியில் போய்விட்டது. உடல்கூடக் கிடைக்கவில்லை. புள்ளை கடைசியாக நின்ற இடத்தை ஒரு தடவை கண்ணால் பார்த்துவிட்டால் போதும் என்றாள் அம்மா. கடையில் கிடைத்தது அதே வகைக் கப்பலின் பொதுவான பிளாஸ்டிக் அச்சுப் பாகங்கள்தான். அவற்றை அந்த ஒரு கப்பலாகவே மாற்றுவதற்குச் சுக்கான் இருந்தான்.

சுக்கான் சின்னவனோடு அதே இயந்திர அறையில் வேலை பார்த்தவன். உயிரோடு கரைக்கு வந்தவன். பக்கத்துத் தெருவுக்குப் போனாலும் வழி தவறுவான் என்பதால் சின்னவன் கிண்டலாக வைத்த பெயர் அது. செய்தியைச் சொல்ல வந்த அன்றைக்கு அம்மாவின் காலடியில் உட்கார்ந்து அவன் சொன்னது ஒன்றே ஒன்று.

"வலியே தெரிஞ்சிருக்காதும்மா. முதல் வெடியிலேயே போயிட்டான். நான் பார்த்தேன்."

அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் அந்த வீடு எழுந்து நின்றது. அம்மா தூங்கியது அதனால்தான், பெரியவன் வேலைக்குப் போனது அதனால்தான். அதற்குப் பிறகு சுக்கான் வாராவாரம் வந்தான். சாப்பாட்டு மேசையில் சின்னவனின் நாற்காலியில் உட்கார்ந்தான். சின்னவனின் சட்டைகள் அவனுக்குச் சரியாக இருந்தன. ஒரு தம்பி போனாலும் ஒரு தம்பியை விட்டுவிட்டுப் போயிருக்கிறான் என்று பெரியவன் மனதார நினைத்தான்.

கப்பல் கட்டும்போது சுக்கான் பக்கத்திலேயே இருந்தான். புகைபோக்கியில் எங்கே நசுங்கல், எந்தக் கம்பியில் கயிறு தொங்கும், துரு எந்த ஓரத்தில் வடிந்திருக்கும் என்று அவன் சொல்லச் சொல்ல, பெரியவன் பழுப்புச் சாயத்தைத் தொட்டுத் தொட்டு வைத்தான். இயந்திர அறையில் நிற்க அரிசியைவிடக் கொஞ்சமே நீளமான ஒரு ஆளைச் செய்து, நீல உடுப்புப் பூசினான். சின்னவன் குனிந்து ஒரு வால்வைத் திருப்பிக்கொண்டிருந்தான், அப்படியே வையுங்கள் என்றான் சுக்கான். பெரியவன் அப்படியே வைத்து ஒட்டினான்.

ஒரே ஒரு இடத்தில்தான் இருவருக்கும் ஒத்துவரவில்லை. இயந்திர அறையிலிருந்து மேலே வரும் ஏணிக்கு ஒரு மூடி உண்டு. அதைத் திறந்த நிலையில் வைத்தால் அம்மா குனிந்து உள்ளே பார்க்கலாம் என்று பெரியவன் நினைத்தான். சுக்கான் வேண்டவே வேண்டாம் என்றான். கடலில் அது எப்போதும் மூடித்தான் இருக்கும் என்றான். பேசிக்கொண்டே இடுக்கியைப் பிடுங்கி, அந்த மூடியைத் தானே எடுத்து வைத்து, கட்டைவிரலால் அழுத்தினான். தேவைக்கு மேல் வெகுநேரம் அழுத்தினான். பசை விரலிலும் பிடித்துக்கொண்டது. இழுத்து எடுத்தபோது ஒரு பொட்டுத் தோல் மூடியின்மேலேயே ஒட்டிக்கொண்டு நின்றது.

தெரியாதவன் தொட்டால் இப்படித்தான் என்று பெரியவன் சிரித்தான். சுக்கான் சிரிக்கவில்லை.

மறுநாள் மாலை அவன் கீழே இறங்கியபோது இடப்பக்கத்துச் சன்னல்கள் எல்லாமே பனித்திருந்தன. மழைக்காலம், சுவரெல்லாம் ஈரம் கோத்திருந்தது. ஆனாலும் அறையில் வந்த வாடை சுவரின் வாடையில்லை, சாயத்தின் வாடையுமில்லை. டீசலும் உப்புத்தண்ணீரும் கலந்த ஒரு வாடை. சின்னவன் விடுப்பில் வரும்போது அவன் துணிப்பையைத் திறந்தால் வருமே, அது. பெரியவன் இன்னொரு தடவை முகர்ந்தான். உருப்பெருக்கியை இறக்கினான். வரிசையாக வெள்ளைச் சன்னல்கள். அதில் முதலில் பனித்த அந்த ஒன்றின் நடுவே ஒரு சின்ன வட்டம் தெளிவாக இருந்தது.

யாரோ உள்ளேயிருந்து துடைத்த மாதிரி.

அவன் நிமிர்ந்து உட்கார்ந்தான். நாள் முழுக்கக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பல் செதுக்குகிறவனுக்குக் கண் ஏமாற்றாதா என்ன என்று சமாதானம் சொல்லிக்கொண்டான். மறுபடி குனிந்தான். தெளிந்த வட்டத்துக்குள் வால்வு தெரிந்தது, அவனே கம்பி வளைத்துச் செய்த வால்வு.

அதன் பக்கத்தில் ஆள் இல்லை.

சுக்கானுக்குப் போன் செய்தான். பசை விட்டு ஆள் விழுந்துவிட்டான் போல, மூடியைப் பெயர்த்துப் பார்க்கப் போகிறேன் என்று மட்டும்தான் சொன்னான்.  தொடாதீங்கண்ணா, நான் வர்றேன் என்று சொல்லிவிட்டுச் சுக்கான் போனை வைத்துவிட்டான்.

மேலே அம்மா டிவியைச் சத்தமாக வைத்திருந்தாள். அவளுக்குக் காது மந்தம். பக்கத்தில் வெடி வெடித்தால்கூடத் திரும்ப மாட்டாள். அந்தச் சத்தத்துக்கு அடியில், கூரையின் கண்ணாடிமேல் விழுந்த மழைக்கு அடியில், மேசையின் விளிம்பில் வைத்திருந்த தூரிகைகள் ஒன்றோடொன்று உரசுகிற சத்தத்துக்கும் அடியில், இன்னொன்று கேட்டது. நகத்தால் பிளாஸ்டிக்கைச் சுண்டுகிற மாதிரி.

டொக் டொக். கொஞ்சம் இடைவெளி. டொக்.

பெரியவன் காதைக் கப்பலோரம் கொண்டுபோனான். அந்தத் தட்டு அவனுக்குத் தெரியும். அப்பா இருந்த காலத்தில், ஊர் சுற்றிவிட்டுப் பொழுது சாய்ந்து வீடு திரும்பும் சின்னவன் பின்பக்கச் சன்னலில் அப்படித்தான் தட்டுவான். இரண்டு தட்டு, நான்தான் என்பதற்கு. கொஞ்சம் பொறுத்து ஒன்று, அப்பா பார்க்கிறாரா என்பதற்கு. அண்ணன் தம்பி இரண்டு பேரைத் தவிர அது உலகத்தில் யாருக்கும் தெரியாது. அந்தத் தட்டுக்குப் பெரியவன் ஒருநாளும் கதவைத் திறக்காமல் இருந்ததில்லை.

சுக்கான் நனைந்துகொண்டே படியிறங்கி வந்தான். சின்னவனின் சாம்பல் நிறச் சட்டையைத்தான் போட்டிருந்தான். உள்ளே வராமல் கதவோரத்திலேயே நின்றான். கப்பலைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்தான்.

டொக் டொக்.

இரும்புக் கதவின்மேல் வைத்திருந்த சுக்கானின் விரல், அவனை அறியாமலே, பொறுக்க வேண்டிய அளவு பொறுத்து, மூன்றாவது தட்டைத் தட்டியது.

பெரியவன் அந்த விரலையே பார்த்தான்.

"இந்தத் தட்டு உனக்கு எப்படிடா தெரியும்?"

சுக்கான் கையைப் பின்னால் ஒளித்துக்கொண்டான்.  

"தண்ணி அப்பதான் ஏணிக்குக் கீழ வந்துச்சுண்ணா. நேரம் இருந்துச்சு. நான் முதல்ல ஏறிட்டேன். பயந்துட்டேன். மூடிட்டு அது மேலயே உட்கார்ந்துட்டேன்."

"எவ்வளவு நேரம் தட்டினான்?"

"என்னைப் படகுக்கு இழுத்துட்டுப் போற வரைக்கும்."

நம்ப வைத்துக் கழுத்தை அறுப்பது என்று யார் யாரோ சொல்லப் பெரியவன் கேட்டிருக்கிறான். அது நிஜமாகவே கழுத்தில்தான் வலிக்கும் என்று இப்போதுதான் தெரிந்தது. அந்த நாற்காலி. அந்தச் சட்டைகள். சாப்பிட்டாயா என்று அம்மா இவன் தலையில் வைத்த கை. இவனுக்குக் கொடுத்த ஒவ்வொன்றும் மூடியைத் தட்டிக்கொண்டிருந்தவனுடையது. அடிக்கக் கை ஓங்கினால் அழுதுவிடுவோம் என்று தோன்றியது. அவன் சுக்கானை அடிக்கவில்லை. மெல்லிய கத்தியை எடுத்தான்.

"வேணாம்ணா. திறக்காதீங்க."

"என் தம்பி தட்டறான்டா. நான் திறப்பேன்."

கத்தி முனையை மூடியின் ஓரத்தில் கொடுத்தான். சுக்கானின் தோல் அதன்மேல் காய்ந்து வெளுத்திருந்தது. ஒரு நெம்பு. இன்னொன்று. மூடி தெறித்துத் தலைகீழாக மேசையில் விழுந்தது. உருப்பெருக்கியில் அதன் அடிப்பக்கம் தெரிந்தது. சாயம் இல்லை. கீறல். கீறலுக்குமேல் கீறல்.

ஏணியின் உச்சிப்படியில் நீல உடுப்பு ஆள் நின்றான். நிமிர்ந்து. இரண்டு கையும் மேலே. கைகளில் பூசிய நிறம் தேய்ந்து வெறும் பிளாஸ்டிக் தெரிந்தது. விரல்கள் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுமில்லை.

அந்த ஆளைச் சுற்றித் தண்ணீர் ஏறி வந்தது.

ஊசித்துளையிலிருந்து வருகிற மாதிரி முதலில் ஒரு இழை. பிறகு விரல் கனம். பிறகு கை கனம். கறுப்புத் தண்ணீர். மேலே எண்ணெய் மினுமினுத்தது. மேசையிலிருந்து வழிந்தது, தூரிகைகளை அடித்துக்கொண்டு போனது, பாதத்தைத் தொட்டது. பல்லைக் கூசவைக்கும் குளிர். பெரியவன் கப்பலைத் தூக்கப் பார்த்தான். அது அசையவில்லை. நிஜக் கப்பலின் கனம்.

"சுக்கான், கதவைப் பிடிச்சுக்க. ரெண்டு பேரும் மேல போயிடலாம்."

திரும்பினான். சுக்கான் ஏற்கெனவே வாசலுக்கு வெளியே இருந்தான். தண்ணீர் நிலைப்படியைத் தொடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் கண்கள் பெரியவனைப் பார்த்தன. பரிதாபமான கண்கள். அம்மாவின் காலடியில் உட்கார்ந்து அழுத அதே கண்கள்.

"மன்னிச்சிடுங்கண்ணா."

இரும்புக் கதவு சாத்திக்கொண்டது. தாழ்ப்பாள் விழுந்தது. அப்புறம் ஒரு உடம்பு கதவின்மேல் சாய்ந்த சத்தம். அவன் போகவில்லை. கதவில் முதுகைக் கொடுத்து உட்கார்ந்துவிட்டான்.

பெரியவன் கத்தினான். மேலே டிவியில் யாரோ சிரித்தார்கள். அம்மாவைக் கூப்பிட்டான். முழங்கால். இடுப்பு. விளக்கு ஒரு தடவை மினுக்கி அணைந்தது. கூரையின் கண்ணாடி மட்டும் தெருவிளக்கில் மங்கலாகத் தெரிந்தது. அது அவன் மூச்சில் பனித்துக்கொண்டு வந்தது. எட்டித் துடைத்தான். ஒரு சின்ன வட்டம். அதில் யாருடைய செருப்போ நிதானமாக மழைத் தண்ணீரைத் தாண்டிப் போனது.

கதவுக்குத் திரும்பினான். உள்ளங்கையால் அறைந்தான், முட்டியால் அறைந்தான், நகத்தால் பிராண்டினான். கதவுக்கு அந்தப் பக்கம் அழுகைச் சத்தம் கேட்டது. கதவு திறக்கவில்லை. கை மரத்துப்போன பிறகு, அவன் கை தனக்குத் தெரிந்த ஒரே தட்டைத் தட்டியது.

டொக் டொக்.

மூச்சு வாங்க நிறுத்தினான். கழுத்துவரை இருட்டுத் தண்ணீர். அசைவில்லை.

மூன்றாவது தட்டு, அதே கதவின் உள்பக்கம், தண்ணீருக்கு அடியில், அவன் முழங்காலுக்குப் பக்கத்தில் விழுந்தது.