ஒன்பதாவது தூளி

காலி செய்த கப்பலில் ஒரு தூளி மட்டும் தொங்கியது.

ஹாலிடன் என்ற குரூசர் போர்க்கப்பலை அன்று மத்தியானம் உடைக்கும் துறைக்கு இழுத்துப் போகப் போகிறார்கள். மாலுமிகள் படுக்கும் கித்தான் தூளிகளைப் போன வாரமே மூட்டை கட்டிக் கரைக்கு அனுப்பியாகிவிட்டது. அனுப்பியவன் கப்பல் பாய் தைக்கும் டென்சில் பென்ரோஸ்தான். அப்படியிருக்க, கரிப்புகையும் பழைய பெயிண்டும் நாறும் கீழ்த்தளத்தில், அவனுடைய கொக்கிக்கு அடுத்த கொக்கியில், தலையிலிருந்து கால்வரை தைத்து மூடிய தூளி ஒன்று சொட்டச் சொட்ட நனைந்து தொங்கியது. இரும்புத் தரையில் சொட்டு விழும் சத்தம் நிதானமாகக் கேட்டது.

காவல் குழுவின் தலைவன் ஹாஸ்கிங் படிக்கட்டிலிருந்து எட்டிப் பார்த்தான்.

"என்னடா டென்சில், இன்னும் எவன் அங்க தூங்குறான்? கப்பலையே வித்தாச்சு, எந்திரிக்கச் சொல்லு!"

"யாருமில்ல. ஈரத் துணி."

"அப்ப தூக்கிக் கடல்ல போடு. பேயறைஞ்சவன் மாதிரி நிக்காத."

சிரித்துக்கொண்டே மேலே போனான்.

டென்சிலுக்குப் பயம் வரவில்லை. ஆறு வருடமாக அவனுக்கு எதுவுமே வருவதில்லை. தூளியில் இருந்தது அவனுடைய கைத்தையல்.

1916-இல் வடகடல் சண்டை முடிந்த காலையில், ஒன்பது பிணங்களை அவரவர் தூளியில் கிடத்தி, கடலில் மூழ்குவதற்காகக் கால்மாட்டில் இரண்டு பீரங்கிக் குண்டு வைத்துத் தைத்தான். கடைசித் தையலை மூக்கில் குத்தி வாங்க வேண்டும். அது கடற்படை வழக்கம்; கொஞ்சம் உயிர் ஒட்டிக்கொண்டிருந்தாலும் ஆள் துள்ளிவிடுவான். எட்டுப் பேருக்குக் குத்தினான். ஒன்பதாவது ஆள் கிட்டோ. ஐந்து வருடம் அடுத்த கொக்கியில் படுத்தவன்; அவன் குறட்டையை டென்சில் திட்டாத நாள் இல்லை. அந்த முகத்தில் ஊசி ஏற்ற மனம் வரவில்லை. டாக்டர்தான் செத்துவிட்டான் என்று சொல்லிவிட்டாரே. மூக்கை விட்டுவிட்டுத் தைத்து முடித்தான். பலகையைச் சாய்த்துக் கடலில் விட்டபோது, தூளி முழங்கால் பக்கம் ஒருமுறை மடங்கியது. அலைதான் என்று சொல்லிக்கொண்டான்.

அப்புறம் பால்டிக் பனி, மால்ட்டா வெயில் என்று கப்பல் போன இடமெல்லாம் அவனும் போனான். அன்று மரத்துப்போன விரல்களில் உணர்ச்சி திரும்பவே இல்லை. ஊசி ஏறினால்கூட ரத்தத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வான். கிட்டோ அன்று உயிரோடு இருந்தானா? அது ஒன்றுதான் அவனுக்குத் தெரிய வேண்டும். யாரிடமும் அவன் கேட்டதில்லை.

கத்தியால் தலைமாட்டுத் தையலைப் பிரித்தான். உப்பு நாற்றம். சேறு. முகத்துக்கு நேரே, கித்தானின் உள்பக்கம் நகத்தால் பிறாண்டிப் பிறாண்டி நூல்நூலாக நைந்திருந்தது.

தெரிந்துவிட்டது. அழ வேண்டும். அழுகை வரவில்லை.

குனிந்தான். உள்ளே இருட்டு. இன்னும் குனிந்தான். சொட்டுச் சத்தம் நின்றிருந்தது.

"டென்சில்! இழுக்கிற கயிறு கட்டியாச்சு, மேல வாடா!" ஹாஸ்கிங்கின் குரல்.

நிமிரப் பார்த்தான். தலை வரவில்லை.

கண்ணைத் தாழ்த்தினான். மெழுகு தடவிய நூல். அவன் மூக்கிலிருந்து கிளம்பி, கித்தானைத் துளைத்து, உள்ளே போயிருந்தது. விறைப்பாக.

"காது கேக்குதாடா?"

கேட்டது. நூல் மெல்ல இழுபட்டது. வலிக்கவில்லை. ரத்தம் வருகிறதா என்று பார்த்தான். ஒரு சொட்டு இல்லை.

அவன் துள்ளுவானா என்று உள்ளே யாரோ காத்திருந்தார்கள்.